வெறுங்குழாய் ஒளிர்ந்த கதை

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் நடந்த குழப்பத்தில் பாதிக்கு அதுதான் காரணம். மீதிப் பாதிக்கு என்ன காரணம் என்று கண்டுபிடிக்க இரண்டு கிழமை பிடித்தது. அதையும் நான் கண்டுபிடிக்கவில்லை.

கடல் ஊருக்குள் வந்து போனதற்கு அடுத்த வருடம் அது. நான் மட்டக்களப்பில் விவசாயம் படித்துக்கொண்டிருந்தேன், கடைசி வருடம். ஆராய்ச்சிக்கு என்று மற்றவர்கள் கச்சான், கோழி, கத்தரி என அடக்கமான தலைப்புகளாக எடுத்தார்கள். நான் மட்டும், உப்புத் தண்ணீர் ஏறிய மண் உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்று பார்க்கப் போவதாக எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வைக்கு இருந்த ஸேர் அதை வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால், சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் விடுகிறார் என்று அர்த்தம்.

மண்ணின் உயிரை அளப்பது ஒன்றும் மந்திரம் இல்லை. மண்ணுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் தின்பதற்காக நொதியங்களை வெளியே விடும். நொதியத்தின் வேலை வெட்டுவது. ஸேர் வெளிநாட்டுக்குப் போய்வந்தபோது ஒரு மருந்து கொண்டுவந்திருந்தார், சுண்டுவிரல் அளவுப் போத்தலில். அது சும்மா இருந்தால் ஒன்றுமில்லை. மண்ணின் நொதியம் அதை வெட்டினால், வெட்டுப்பட்ட துண்டு கண்ணுக்குத் தெரியாத கழியூதா ஒளியில் நீலமாக ஒளிரும். மண்ணை மருந்தோடு கலந்து ஒரு மணித்தியாலம் வைத்து, வடித்து, தெளிந்த தண்ணீரை ஒளிர்வு அளக்கும் கருவிக்குள் வைக்கவேண்டும். எவ்வளவு ஒளிர்கிறதோ அவ்வளவு நொதியம், அவ்வளவு உயிர். எங்களிடம் இருந்த கருவி யாரோ வேண்டாம் என்று கழித்துத் தந்தது. அதன் முகத்தில் ஓர் ஊசி இருந்தது, அது ஆடும்.

“எல்லாத்துக்கும் முதல் வெறுங்குழாயப் பாருங்க,” என்று ஸேர் சொல்லியிருந்தார். வெறுங்குழாய் என்றால் மண் போடாத குழாய். தண்ணீரும் மருந்தும் மட்டும். அது ஒளிரக்கூடாது. ஒளிர்ந்தால் எங்கேயோ பிழை.

நான் ஓம் என்று தலையாட்டினேன். ஓம் என்பதற்கு என்ன செலவு.

ஆய்வுகூடத்தில் ஓர் உதவியாளர் இருந்தார். ஐம்பது வயதுக்குக் கிட்ட. நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னை ‘மனே’ என்பார், எங்கள் பக்கம் பெண் பிள்ளையையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கடற்கரையில் இருந்த அவருடைய வீட்டைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. நிலச் சீமெந்தும் கிணறும்தான் மிச்சம். அவரும் மனைவியும் ஒரு பள்ளிக்கூடத்து முகாமில் இருந்தார்கள். அங்கிருந்து தினமும் காலையில் எங்களுக்கு முன்னால் வந்து கதவு திறப்பார், போட்டிருக்கும் சேட்டு பளீரென்று இருக்கும். வீடு போனவர் மாதிரி நான் இருந்தேன், விடுதியில் இருந்த நான்.

கணவன் மனைவிக்குள் அப்போது ஒரு பெரிய வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. தன்னாமுனைக்குப் பின்னால், கடலுக்குத் தூரத்தில், வீடிழந்தவர்களுக்குக் காணி கொடுக்கிறார்கள், மாத முடிவுக்குள் பெயர் பதியவேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். அண்ணனுக்குத் தன் பழைய வளவுக்கே திரும்பிப் போகவேண்டும். அக்காவுக்கு, அதாவது அவருடைய மனைவிக்கு, அது ஒத்துவரவில்லை. “அந்த மண் செத்துப் போயித்து,” என்று ஒரே பேச்சு. “செத்த மண்ணில என்னத்த நடுற? என்னத்தத் திங்கிற?” இவர் எத்தனை விதமாகச் சொல்லியும் அந்த ஒரு வசனத்தைத் தாண்ட முடியவில்லை.

அப்படிப்பட்டவரிடம் போய், மண்ணுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சி செய்கிறேன் என்று நான் சொன்னால் சும்மா இருப்பாரா?

“என்ட வளவு மண்ணையும் பாருங்க மனே,” என்றார். “மெசின் சொன்னா அவ கேப்பா.”

அடுத்த சனிக்கிழமை அவருடைய வளவில் ஒரு பை மண் அள்ளினேன். ஒப்பிட்டுப் பார்க்க உப்பு ஏறாத மண் வேண்டும் என்பதால் கொக்கட்டிச்சோலைப் பக்கம் மாமாவின் வட்டையில், அதாவது அவர் நெல் விதைக்கும் வெளியில், இன்னொரு பை அள்ளியிருந்தேன். இரண்டையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தால் வடக்கு ரோட்டுச் சென்றியில், ஆமி மறித்துச் சோதிக்கும் இடத்தில், இறக்கிவிட்டார்கள். அங்கே நின்ற ஆமிக்காரனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்.

“என்ன இது?”

“மண்.”

பையைத் திறந்து பார்த்தான். மற்றப் பையைத் திறந்தான். கம்பியால் குத்தினான். “உள்ளுக்கு?”

“உள்ளுக்கும் மண்தான்.”

“எங்க போறது?”

“கம்பஸுக்கு.”

யோசித்தான். “அங்க மண் இல்லையா?”



வேலை தொடங்கும்போது வடிதாள் முடிந்துபோயிருந்தது. ஓடர் போட்டது கொழும்பிலிருந்து வந்துசேரவில்லை. “விடுங்க மனே,” என்று சொல்லி அண்ணன் நிவாரணத்தில் கிடைத்த ஒரு வெள்ளை வேட்டியைச் சதுரம் சதுரமாக வெட்டிக் கொண்டுவந்தார். அதில் வடித்தால் தண்ணீர் கண்ணாடி போல இறங்கியது. பின்னேரம் துண்டுகளை முகாமுக்குக் கொண்டுபோய், அக்காவிடம் கொடுத்துத் துவைத்துக் காயவைத்து, காலையில் மடிப்போடு கொண்டுவருவார். சோதனைக்குழாய்களை அவரே கழுவினார். இவ்வளவு சுத்தமான ஆய்வுகூடம் இலங்கையிலேயே இருக்காது என்று நான் மற்றப் பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

முதல் அளவு எடுத்த நாள் எனக்கு அவசரம். மருந்தும் கொஞ்சம். வெறுங்குழாய்க்கு ஏன் வீணாக ஊற்றவேண்டும் என்று நினைத்து, நேரே அண்ணனுடைய வளவு மண்ணின் தண்ணீரைக் கருவிக்குள் வைத்தேன். ஊசி வலது பக்கக் கடைசிக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது. மாமாவின் வட்டை மண் அதில் பாதிக்குத்தான் போனது. அடித்த உரமும் போட்ட சாணமும் என்று எத்தனை வருடமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த மண்!

“அண்ணன்! உங்கட மண் உசிரோட இரிக்கு! எங்கட மாமாட வட்டையவிட நல்லா இரிக்கு!”

அவர் கையிலிருந்த வாளியை வைத்துவிட்டு, ஊசியைப் பார்த்து இரண்டு கையாலும் கும்பிட்டார். அன்று பின்னேரம் முகாமில் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாராம். அக்கா குடிக்கவில்லையாம்.

மறுநாள் ஸேரிடம் போனேன். கால் நிலத்தில் படாமல் நடந்து போனேன் என்றுகூடச் சொல்லலாம். கடதாசியைப் பார்த்துவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“வெறுங்குழாய் எவ்வளவு காட்டின?”

“அது... இன்னும் பாக்கல்ல ஸேர்.”

கண்ணாடியைக் கழற்றினார்.

ஓடி வந்து வெறுங்குழாயை வைத்தேன். ஊசி வலது பக்கக் கடைசிக்குப் போய், அதற்கு மேலும் போக இடமில்லாமல் துடித்தது. மண்ணே இல்லாத தண்ணீருக்கு அண்ணனுடைய மண்ணைவிட உயிர் கூட. அரை மணித்தியாலம் கொதிக்கவைத்த மண்ணை வைத்தேன், அதுவும் உயிரோடு இருந்தது. மருந்தே விடாமல் கிணற்றுத் தண்ணீரை வடித்து வைத்தேன், வாவித் தண்ணீரை வைத்தேன், நான் குடிக்கக் கொண்டுபோன தண்ணீரை வைத்தேன். எல்லாம் உயிரோடு இருந்தன. என்னைத் தவிர.

அடுத்த இரண்டு கிழமையும் நான் மனுசியாக இல்லை. கருவியைக் கழற்றிப் பூட்டினேன். பல்பைத் துடைத்தேன். கரண்டைக் குறை சொன்னேன், கடலைக் குறை சொன்னேன், மாமாவைக்கூடக் குறை சொன்னேன். அண்ணன் அதற்கிடையில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். “கண்ணூறு மனே. ஆக்கள் வந்து வந்து பாத்த.” நான் தடுப்பதற்குள் செத்தல் மிளகாயைக் கருவியைச் சுற்றி எடுத்து நெருப்பில் போட்டுவிட்டார். ஆய்வுகூடம் முழுக்க இருமியது. பக்கத்து வகுப்பில் விரிவுரை நின்றது. ஊசி மட்டும் அசையவில்லை, வலது பக்கக் கடைசியிலேயே நின்றது.

மண் செத்திருக்கலாம் என்று அண்ணன் நினைக்கவே இல்லை. மெசின் ஒருதரம் சொல்லிவிட்டது, அவ்வளவுதான். அதுதான் என்னைத் தின்றது. மாத முடிவுக்கு நாலு நாள் இருந்தது. என்னுடைய அவசரத்தை நம்பி ஒரு மனிதர் வீடு கட்டப் போகிறார். பிழை என்று சொல்லப் போவேன். அவர் குழாய்களை வரிசையாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு சிரிப்பார். சொல்லாமல் திரும்பி வருவேன்.

அந்த நேரத்தில்தான் அக்கா வந்தார். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, குடையை மடக்கிக்கொண்டு நேரே உள்ளே வந்துவிட்டார். நெடுக வெயிலில் நின்று கறுத்த, ஒல்லியான மனுசி.

“மண்ணுக்கு உசிரிரிக்காம். எங்க, காட்டுங்க பாப்பம்.”

நான் என்ன செய்வது? கருவியைப் போட்டு ஊசியைக் காட்டினேன்.

“இந்த ஊசி ஆடுறதத்தானா உசிர் எண்டுறீங்க? எங்கட மணிக்கூட்டிலயும் ஊசி ஆடுது.”

கண்ணால் காட்டினால்தான் இவர் விடுவார் என்று தெரிந்தது. எங்களிடம் கையில் பிடிக்கிற ஒரு கழியூதா விளக்கு இருந்தது. பல்ப் போனால் வேறு பல்ப் கிடையாது என்ற பயத்தில் அதை நாங்கள் எரிப்பதே இல்லை. அன்று எடுத்தேன். மண் பைகளும் கழுவிய குழாய்களும் வடிதுணிகளும் இருந்த சாமான் அறைக்குள் மூன்று பேரும் போய்க் கதவைச் சாத்தி, இடுக்கில் சாக்கை அடைத்தோம். கும்மிருட்டு. விளக்கைப் போட்டேன்.

அண்ணனுக்குத் தலை இல்லை. கால் இல்லை. ஒரு சேட்டு மட்டும் பொத்தான் பூட்டியபடி நீலமாக ஒளிர்ந்துகொண்டு அந்தரத்தில் நின்றது.

நான் கத்தினேன். சேட்டும் கத்தியது. அக்கா மட்டும் கத்தவில்லை. இருட்டில் அவர் சிரிக்கத் தொடங்கியது கேட்டது. முதலில் மூக்கால், பிறகு வாயால், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு.

“மண் எங்க எரியுது? நான் துவைச்ச சேட்டெல்லோ எரியுது!”

கையை நீட்டி வடிக்கிற துண்டுகளை எடுத்தார். ஒவ்வொன்றும் நீலமாக எரிந்தது. “இதுவும் நான் துவைச்ச.” குழாய் வைத்திருந்த தட்டைத் தொட்டார். குழாய்களின் உட்பக்கமெல்லாம் மெல்லிய நீலம். “இது?”

“அது நான் கழுவின,” என்றது சேட்டு, குரல் இறங்கிப்போய்.

“என்ன போட்டு?”

சொல்லத் தேவையே இல்லை. அந்த வருடம் மட்டக்களப்பில் எல்லோரிடமும் இருந்த ஒரே சொத்து அதுதான். யாரோ நல்ல மனம் படைத்தவர்கள் எந்த நாட்டிலிருந்தோ சவுக்காரத் தூள் அனுப்பியிருந்தார்கள், முகாமுக்கு மூட்டை மூட்டையாக. துவைக்க உடுப்பில்லை, தூள் மட்டும் மலையாக இருந்தது. பைக்கற்றில் இருந்த எழுத்தை வாசிக்க ஒருவராலும் முடியவில்லை. பால்மா என்று நினைத்துத் தேத்தண்ணியில் போட்டு ஒரு வாய் குடித்தவர்கூட இருந்தார். ஆட்டைக் கழுவினார்கள், பள்ளிக்கூடத்து நிலத்தைக் கழுவினார்கள். அண்ணன் ஆய்வுகூடத்துக்கும் ஒரு பை தூக்கி வந்திருந்தார், தன்னுடைய பங்காக. உடுப்பு பளீரென்று தெரிவதற்காக அந்தத் தூளில் கலந்திருக்கும் பொருளும் கழியூதா ஒளியில் நீலமாகத்தான் ஒளிரும், நாங்கள் அளக்கப் பார்த்த அதே நீலம். இரண்டு கிழமையாக நான் அளந்தது மண்ணின் உயிரை அல்ல, அக்காவின் கைராசியை. மாமாவின் மண் குறைவாகக் காட்டியதும் இதனால்தான். வட்டையின் களிமண் அந்தப் பொருளைப் பிடித்து வைத்துக்கொண்டது, கடற்கரை மணல் விட்டுவிட்டது.

அக்காவின் சீலை மட்டும் இருட்டில் தெரியவில்லை. ஊர் பேர் தெரியாத தூளை அவர் தன் உடுப்புக்குப் போடமாட்டாராம். கட்டிச் சவுக்காரம்தான்.

வெளிச்சத்துக்கு வந்ததும் அண்ணன் மர வாங்கில் குந்தினார். “அப்ப நான்தான் கெடுத்த,” என்றார். அவருக்கு எப்படிச் சொல்வதென்று இரண்டு கிழமை தவித்தவள் நான். அவரே சொல்லிக்கொண்டபோது அதைக் கேட்க முடியவில்லை. “இல்ல அண்ணன், வெறுங்குழாயப் பாக்காம விட்டது நான்,” என்றேன். என் வாழ்க்கையில் பிழையை நானாக ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அவ்வளவு ஒன்றும் சாகிற மாதிரி இல்லை.

போத்தலின் அடியில் மூன்று குழாய்க்கு மட்டும் மருந்து மிஞ்சியிருந்தது. வெறுங்குழாய் ஒன்று, மாமாவின் மண் ஒன்று, அண்ணனின் மண் ஒன்று. அக்கா சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, தேங்காய்ப் பொச்சுச் சாம்பலும் மழைத்தண்ணீருமாகப் போட்டு மூன்று குழாயையும் அவரே தேய்த்தார். நான் காய்ச்சி வடித்த தண்ணீரில் பத்துத் தரம் அலசினேன். துணியில் வடிக்கவில்லை. மண் தானாக அடியில் படியட்டும் என்று விட்டுவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுப்பது என்று முடிவு. ஒரு மணித்தியாலம் காத்திருக்கவேண்டும். நான் நகத்தைக் கடித்தேன். அவர்கள் இரண்டு பேரும் வாங்கின் இரண்டு நுனியில் இருந்தார்கள், தீர்ப்புக் கேட்க வந்தவர்களைப் போல.

முதலில் வெறுங்குழாய். ஊசி அசையவில்லை. எனக்கு அழுகை வந்தது.

பிறகு மாமாவின் மண். ஊசி எழும்பி நடுவுக்கு மேல் போனது.

பிறகு அண்ணனின் மண். ஊசி கொஞ்ச நேரம் சும்மா நின்றது. பிறகு மெல்ல நகர்ந்து, இரண்டு கோடு தாண்டி, மூன்றாவது கோட்டில் நின்றது. அவ்வளவுதான். கருவியைத் தட்டிப் பார்த்தேன், இறங்கவில்லை.

“கொஞ்சம்தான். ஆனா உசிர் இரிக்கு அண்ணன். நாலைஞ்சு மழை பெஞ்சு உப்புக் கழுவுப்பட்டா ஏறும்.”

“பாத்தயா!” அண்ணன் எழும்பிவிட்டார். “பாத்தயா! நான் சொன்னன்தானே! செத்த மண்ணாம், செத்த மண்! இப்ப என்ன சொல்லுறாய்?”

அக்கா சாம்பல் பிடித்த விரல்களைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார்.

“அப்ப போகத்தான் வேணும் என்ன,” என்றார்.

“பின்ன?”

“மண் ஒண்டும் சாகல்ல. எனக்குத் தெரியும். அண்டைக்குத் தென்னையக் கட்டிப் பிடிச்சிட்டு நிண்டனெல்லோ, அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள்ள கேக்குது. கடலப் பாக்க ஏலா எனக்கு. பயம் எண்டு சொல்ல வெக்கமாக் கிடந்த. அதான் மண்ணில பழியப் போட்ட.”

அண்ணன் அப்படியே நின்றார். வழக்கில் வென்ற முகம் அவருக்கு இன்னும் மாறவில்லை, அதை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“மனே,” என்றார். “செத்துப் போயித்து எண்டு எழுதித் தாங்க.”

எனக்கு வந்த கோபத்தைக் கேட்கவேண்டாம். இரண்டு கிழமை! கடைசிச் சொட்டு மருந்து! வாயைத் திறந்தேன், பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தேன், மூடிக்கொண்டேன். அந்த வளவில்தான் அவர் பிறந்தவர். பேனையை எடுத்தேன். எடுத்தேன்தான், அதை மறைக்கவில்லை.

அக்கா என் கையைப் பிடித்தார். சாம்பலும் ஈரமுமான கை.

“பொய் எழுதாதீங்க மனே. உசிரோட இரிக்கெண்டே எழுதுங்க. நாங்கதான் போகல்ல.”

அப்படியே எழுதினேன். ஊசி நின்ற இடம், கோடு மூன்று, வெறுங்குழாய் பூச்சியம். அதைக் கடதாசியில் படியெடுத்து அண்ணனுக்கும் கொடுத்தேன்.

அவர்கள் தன்னாமுனைக்குப் பின்னால் காணி எடுத்தார்கள். அண்ணன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பழைய வளவுக்குப் போய், ஒரு உரப்பை நிறைய மண் அள்ளிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து புதுக் காணியில் கொட்டினார். நல்ல மண்ணில் உப்பு மண்ணைக் கொட்டுவது மடத்தனம் என்று படித்தவள் என்ற முறையில் எடுத்துச் சொன்னேன். “அதுக்கு உசிரிரிக்கு மனே, அவடத்த தனிய விட ஏலா,” என்றார். வடக்கு ரோட்டுச் சென்றியில் அதே ஆமிக்காரன் அவரையும் மறித்தானாம். அண்ணன் என்னுடைய கடதாசியை எடுத்து நீட்டினாராம், அடையாள அட்டை மாதிரி. அவன் மேலும் கீழும் பார்த்துவிட்டு, “கம்பஸா?” என்று மட்டும் கேட்டு விட்டுவிட்டானாம். எங்களைப் பற்றி அவன் ஒரு முடிவுக்கு வந்திருக்கவேண்டும்.

யுத்தம் முடிந்த வருடம் நான் ஒரு விவசாய அலுவலகத்தில் வேலையாக இருந்தேன். ஒரு நாள் காலையில் அக்கா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார், முன்னைப் போலவே கேட்காமல். மேசையில் ஒரு சின்னப் பையை வைத்தார். திறந்தேன். கடற்கரை மண்.

“அண்ணன் அனுப்பினவரா?”

“அவருக்குத் தெரியா. நேத்து நான் தனியப் போன.”

நான் கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் அதில் குந்தவில்லை.

“பயமில்லையா அக்கா?”

“பயந்தான். கடலுக்கு முதுகக் காட்டி நிண்டுதான் அள்ளின.” பையை என் பக்கம் தள்ளினார். “இப்ப எப்பிடியிரிக்கெண்டு பாருங்க மனே.”

என்னிடம் மருந்து இல்லை. ஒளிர்வு பார்க்கும் கருவி இல்லை, கழியூதா விளக்கும் இல்லை. இருந்தது ஒரு மேசையும் நிறையக் கோப்புகளும்தான். மண்ணைக் கையில் அள்ளினேன். நடுவில் ஒரு அடம்பன் கொடியின் வேர் கிடந்தது, அதில் ஒட்டிக்கொண்டு மணல்.

“நல்லா இரிக்கு அக்கா,” என்றேன். “முந்தியவிட நல்லா இரிக்கு.”

வெறுங்குழாய் பார்க்காமல் நான் சொன்ன இரண்டாவது முடிவு அது. அதை நான் இன்னும் திருத்தவில்லை.